சமயம் அல்லது மொழி: கிறித்தவக் கல்லூரிகளின் அரசியற் கல்வியும் ஆனைக்கரைப் பகுதியும்

ஆனைக்கரை என்னும் பெயர் கேரளத்தில் இருவேறு இடங்களில் வழங்குகிறது. ஒன்று பாலக்காட்டு மாவட்டத்தின் மேற்குக் கோடியில் பாரதப்புழையை அடுத்துள்ள ஊர். மற்றொன்று இடுக்கி மாவட்டத்தின் ஏலமலைப் பகுதியில் தமிழக எல்லைக்கு அண்மையில் உள்ளது. முன்னது ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின் பொன்னானி வட்டத்தைச் சார்ந்திருந்தது. பின்னது திருவிதாங்கூர் அரசைச் சார்ந்திருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் இரண்டும் கேரள மாநிலத்துள் அடங்கின. இவ்விரு பகுதிகளின் வரலாறும் பொதுவாகத் தனித்தனியே எழுதப்படுவதே வழக்கம். தென்னிந்தியக் கிறித்தவக் கல்லூரிகளில் அரசியலும் அரசாங்க அமைப்பும் பயிலப்பட்ட வரலாற்றை உடன்வைத்து நோக்கும்போது, அவை இரண்டும் அரசமைப்புச் சட்டத்தின் ஒரே உறுப்பில் வந்து சேர்வது புலனாகும்.

அரசியல் ஒரு பாடமான நிலை

அரசியல் என்பது தமிழர்க்குப் புதிய சொல்லன்று. திருக்குறளின் பொருட்பாலில் ஓர் இயலே அப்பெயர் பெற்றுள்ளது. எனினும் 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் அரசியல் நெடுங்காலம் தனித்துறையாக நிற்கவில்லை. வரலாற்றின் நிழலிலேயே வளர்ந்தது. வரலாற்று மாணவர் அரசின் தோற்றம், இறைமை, ஆட்சி வகைகள், இங்கிலாந்தின் அரசமைப்பு ஆகியவற்றை வரலாற்றின் பகுதிகளாகவே கற்றனர். அரசியல் மற்றும் பொது ஆட்சித்துறை பல்கலைக்கழகத்தில் தனியே அமைந்தது 1937இல்தான். பொது ஆட்சியியலில் பட்டயக் கல்வியை இந்தியாவில் முதற்கண் தொடங்கிய பெருமையும் அவ்வாண்டில் அப்பல்கலைக்கழகத்துக்கே உரியதாயிற்று. இந்திய அரசியல் அறிவியற் கழகம் 1938இல் தோன்றியது என்பதை இதனோடு இணைத்துப் பார்த்தல் வேண்டும். மாகாணங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சரவைகள் ஆட்சிக்கு வந்த காலம் அது. ஆளப்போகின்றவர்க்கு ஆட்சியைக் கற்பிக்க வேண்டிய தேவை அப்போதுதான் கல்விக்கூடங்களுக்கு உறைத்தது எனலாம்.

இதற்கு முன்பே இப்பாடத்தைத் தாங்கி நின்றவற்றுள் கிறித்தவக் கல்லூரிகள் குறிப்பிடத்தக்கவை. சென்னைக் கிறித்தவக் கல்லூரி, திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரி, கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரி, 1919இல் கல்லூரி நிலை எய்திய திருச்சூர் புனித தோமையார் கல்லூரி, 1925இல் இயேசு சபையார் சென்னையில் நிறுவிய இலயோலாக் கல்லூரி என இவ்வரிசை நீளும். பாலக்காட்டில் இருந்த விக்டோரியா கல்லூரி அரசினுடையது. அங்குப் பணியாற்றிய ஆசிரியர் அரசூழியர் ஆவர். அரசைப் பற்றி வகுப்பில் பேசும்போது அவர்க்கிருந்த கட்டுப்பாடு கிறித்தவக் கல்லூரி ஆசிரியர்க்கு அதே அளவில் இருந்ததில்லை. ஆயினும் இவ்வேறுபாட்டை மிகைப்படுத்துதல் கூடாது. கிறித்தவக் கல்லூரிகளும் அரசின் உதவித்தொகையை எதிர்நோக்கியிருந்தன, பல்கலைக்கழகத் தேர்வுக்கே மாணவரை ஆயத்தப்படுத்தின, ஆங்கிலத்திலேயே கற்பித்தன. விடுதலையைப் பற்றிய பாடம் விடுதலையற்ற நாட்டில், மக்கள் அறியாத மொழியில் நடந்தது என்பதே உண்மை.

அங்காடிப்புரம் அப்பாதுரை

இவ்வகுப்பறைகளில் உருவான நூல்களுள் நெடுநாள் நின்றது அ. அப்பாதுரையின் 'தி சப்ஸ்டன்ஸ் ஆஃப் பாலிடிக்ஸ்' என்பதாகும். 1942இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் இதனை வெளியிட்டது. இந்தியாவெங்கும் அரசியல் பயின்ற மாணவர் பல தலைமுறையாக இதனைப் பாடநூலாகக் கையாண்டனர். தம் பெயரின் முன்னே அங்காடிப்புரம் என்னும் ஊர்ப்பெயரை உடையவர் அப்பாதுரை. அவ்வூர் பழைய வள்ளுவநாட்டைச் சார்ந்தது. மேலை ஆனைக்கரையும் அதுவும் ஒரே மலபார் மாவட்டத்தில் இருந்தவை. அவர் சென்னை இலயோலாக் கல்லூரியில் ஆசிரியராக விளங்கியவர்.

தமிழாய்வாளர் அப்பாதுரையை அறிந்திருப்பது வேறொரு நூலால். கி.பி. 1000 முதல் 1500 வரையிலான தென்னிந்தியப் பொருளாதார நிலையைக் கல்வெட்டுகளின் துணைகொண்டு ஆராய்ந்து அவர் எழுதிய இரு தொகுதிகளைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1936இல் வெளியிட்டது. ஊர், சபை, நகரம், வணிகக் குழு, நிலவரி, நீர்நிலைப் பராமரிப்பு என்பனவற்றை ஆராய்ந்த கையே, ஆறாண்டு கழித்து, இறைமை பற்றியும் மக்களாட்சி பற்றியும் பாடநூல் எழுதிற்று. இடையில் 1937இல் இரட்டையாட்சி நடைமுறையைப் பற்றி ஒரு நூலும் வெளிவந்தது. இம்மூன்றையும் ஒருங்கே நோக்குவார் அரிதாயினர். கல்வெட்டாய்வாளர் பாடநூலைப் புறக்கணித்தனர். அரசியல் மாணவரோ கல்வெட்டு நூலை அறியார். துறைகள் பிரிந்ததன் இழப்பு இது.

பாடநூலின் அமைப்பும் கருதத்தக்கது. முற்பகுதியில் அரசியல் கோட்பாடும் பிற்பகுதியில் பல நாட்டு அரசாங்க அமைப்புகளும் கூறப்பெறும். கோட்பாட்டைக் கற்ற மாணவன் உடனே நடைமுறையை ஒப்பிட்டறிய வேண்டும் என்பது ஆசிரியர் கருத்து எனத் தோன்றுகிறது. பிரித்தானிய அமைப்பு ஒன்றையே முன்மாதிரியாகக் கொள்ளாமல் பலவற்றுள் ஒன்றாகக் கண்டது, அடிமை நாட்டு மாணவனுக்கு ஒரு வகையான விடுதலை. தனக்கு வரப்போகும் அரசமைப்பு எது என்பதை எண்ணிப் பார்க்க அது இடம் தந்தது.

1940களில் அப்பாதுரை தில்லி சென்று, உலக விவகாரங்களுக்கான இந்தியக் குழுவின் செயலாளராக அமர்ந்தார். 1947இல் நிகழ்ந்த ஆசிய உறவுகள் மாநாட்டை நடத்தியது அவ்வமைப்பே. 1955இல் தோன்றிய இந்தியப் பன்னாட்டியல் பள்ளிக்கு அவரே முதல் இயக்குநர். பிற்காலத்தில் அப்பள்ளி சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இந்தியாவில் பன்னாட்டு உறவுகள் என்னும் துறை வேரூன்றியதில் சென்னைக் கல்லூரி ஒன்றின் வகுப்பறைக்கும் பங்குண்டு.

கல்லூரி காணாத உறுப்பினரும் கல்லூரித் தலைவரும்

பாரதப்புழைக் கரையின் ஆனைக்கரையில், வடக்கத்து என்னும் குடியில், 1894இல் பிறந்தவர் அம்மு சுவாமிநாதன். அவர் எக்கல்லூரியிலும் பயின்றவரல்லர். முறையான பள்ளிக் கல்வியும் அவர்க்கு வாய்க்கவில்லை. இளமையில் பாலக்காட்டுத் தமிழரான வழக்கறிஞர் சுவாமிநாதனை மணந்து சென்னையில் குடியேறியபின் வீட்டிலேயே ஆங்கிலம் கற்றார். 1917இல் சென்னையில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தில் தொடக்கம் முதலே பங்கேற்றார். அரசியல் நிருணய சபைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். 1952இல் திண்டுக்கல் தொகுதி அவரை மக்களவைக்கு அனுப்பியது. இந்திய தேசியப் படையின் கேப்டன் லட்சுமி அவர் மகளாவார்.

1949 நவம்பரில் அரசமைப்பின் இறுதி வாசிப்பின்போது அம்மு சுவாமிநாதன் ஆற்றிய உரை இருவகையில் நினைக்கத்தக்கது. இந்தியா தன் பெண்களுக்குச் சமவுரிமை அளிக்கவில்லை என்று பிறர் கூறிவந்ததற்கு இவ்வரசமைப்பே விடை என்றார். உடனே, இந்நூல் இத்துணைப் பருமனாக இருத்தல் வேண்டுமா, கைப்பையிலோ சட்டைப்பையிலோ வைத்துக்கொள்ளும் அளவினதாக அமைந்திருக்கலாகாதா என்றும் குறைப்பட்டார். 395 உறுப்புகளும் 8 அட்டவணைகளும் கொண்ட சட்டத்தைப் பற்றி எழுந்த குறை அது. நகைச்சுவையாக இதனைக் கடந்து செல்வோர் உளர். ஆனால் கல்லூரிப் படிப்பில்லாத குடிமகளும் தன் உரிமையைத் தானே படித்தறிய வேண்டும் என்னும் கவலை அதனுள் இருக்கிறது. அரசியலைப் பாடமாக நடத்திய அறிஞர் பலரிடம் காணப்படாத கவலை அது.

அதே சபையில் அதே மாகாணத்தின் உறுப்பினராக வீற்றிருந்தவர் இயேசு சபைத் துறவி செரோம் டிசோசா. 1897இல் மங்களூரில் பிறந்த அவர் அக்காலத்தில் இலயோலாக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அப்பாதுரை பாடம் நடத்திய கல்லூரியின் தலைவரே அரசமைப்பு வகுக்கும் அவையில் அமர்ந்திருந்தார் என்பது அந்நிறுவனத்தின் வரலாற்றில் சிறப்பிடம் பெற வேண்டியது. 1949இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவைக்குச் சென்ற இந்தியக் குழுவிலும் அவர் இடம்பெற்றார். சட்டமன்றங்களில் கிறித்தவர்க்கெனத் தனியிடங்கள் ஒதுக்கப்பட வேண்டா என்ற நிலைப்பாட்டை 1949 மே மாதத்தில் சபை ஏற்றபோது அவர் அதனை ஆதரித்தார். இடஒதுக்கீட்டைக் கைவிட்ட சமூகத்துக்கு எஞ்சிய காப்பு எது என்னும் வினாவுக்கு விடையாக நின்றது கல்விநிறுவன உரிமையே. இன்று 30ஆம் உறுப்பு எனப்படும் விதியின் வரலாற்றை இப்பின்னணியில் வைத்தே காணுதல் வேண்டும்.

வரைவு அரசமைப்பில் இவ்விதி 23ஆம் உறுப்பின் பகுதியாக இருந்தது. சமயம், சமூகம், மொழி என்னும் மூன்றனுள் எதன் அடிப்படையில் அமைந்த சிறுபான்மையினரும் தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நிருவகிக்கலாம் என்று வரைவு கூறிற்று. இறுதி வடிவில் 'சமூகம்' என்னும் சொல் நீங்கியது. சமயமும் மொழியும் நின்றன. 1948 டிசம்பரில் இவ்வுறுப்பு விவாதிக்கப்பட்டபோது அம்பேத்கர் தந்த விளக்கம் தமிழர்க்கு நெருக்கமானது. சிறுபான்மை என்னும் சொல்லை வழக்கமான அரசியற்பொருளில் மட்டும் கொள்ளலாகாது என்றும், சென்னைப் பகுதியிலிருந்து பம்பாயில் சென்று குடியேறியவர், மகாராட்டிரத்திலிருந்து வங்கத்திற் சென்று குடியேறியவர் போன்றோரின் மொழியும் பண்பாடும் காக்கப்பட வேண்டும் என்பதே நோக்கம் என்றும் அவர் எடுத்துரைத்தார். கிறித்தவக் கல்லூரிக்காக மட்டும் எழுந்த விதி என்று 30ஆம் உறுப்பைக் கருதுவோர் இவ்விவாதத்தை மறந்தவராவர்.

சிறுபான்மை என்ற சொல்லின் வரலாறும் ஈண்டு ஒரு சிறிது சுட்டத்தக்கது. தொல்காப்பிய உரையாசிரியர்கள் ஒரு வழக்கு மிகுதியாக வருவதைப் பெரும்பான்மை என்றும் அருகி வருவதைச் சிறுபான்மை என்றும் குறித்தனர். இலக்கணத்தில் சிறுபான்மை வழக்கு பிழையாகக் கொள்ளப்படுவதன்று. அதுவும் விதிக்கு உட்பட்டதே, இடம் தந்து காக்கப்படுவதே. உரையாசிரியர் வழக்கிலிருந்த அச்சொல்லே அரசமைப்பின் தமிழ்ச் சொல்லாயிற்று. பொருளிலும் பொருத்தம் குறையவில்லை.

திருச்சூர் வகுப்பறையும் 1957ஆம் ஆண்டு மசோதாவும்

இவ்வுறுப்பு முதலில் பெருஞ்சோதனைக்கு உள்ளானது கேரளத்தில். அச்சோதனையை நடத்தியவர்களும் கிறித்தவக் கல்லூரியோடு தொடர்புடையவர்களே. ஏலங்குளத்தைச் சேர்ந்த ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு திருச்சூர் புனித தோமையார் கல்லூரியில் பட்ட வகுப்பு மாணவராக இருந்தவர். 1932இல் படிப்பைத் துறந்து சட்டமறுப்பு இயக்கத்தில் ஈடுபட்டார். அவர் தலைமையில் 1957 ஏப்ரலில் அமைந்த முதல் கேரள அமைச்சரவையில் கல்வி அமைச்சராக விளங்கிய சோசப் முண்டச்சேரி, அதே கல்லூரியில் நெடுங்காலம் மலையாளப் பேராசிரியர். மலையாளத் திறனாய்வுலகில் அவர் பெயர் பெரிது. தனியார் பள்ளி ஆசிரியரின் ஊதியம், நியமனம், பணிப்பாதுகாப்பு ஆகியவற்றை அரசின் மேற்பார்வைக்குக் கொணரும் கல்வி மசோதாவை அவர் முன்மொழிந்தார். தனியார் நிறுவனங்களில் ஆசிரியர்பட்ட அல்லலை உள்ளிருந்தே கண்டவர் அவர் என்பதை மசோதாவின் விதிகளைப் படிப்பார் உணர்வர்.

கிறித்தவ நிறுவனங்கள் எதிர்த்தன. ஆளுநர் மசோதாவைக் குடியரசுத் தலைவரின் பார்வைக்கு ஒதுக்கினார். அவர் 143ஆம் உறுப்பின்கீழ் உச்சநீதிமன்றத்தின் கருத்தை வேண்டினார். 1958 மே 22ஆம் நாள் தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் தலைமையிலான அமர்வு தன் கருத்தை அளித்தது. சில விதிகள் 30ஆம் உறுப்புக்கு முரணாகும் எனவும், வேறு பல செல்லத்தக்கன எனவும் அது கூறிற்று. நிருவகிக்கும் உரிமை என்பது சீர்கெட நிருவகிக்கும் உரிமையைத் தன்னுள் கொள்ளாது என்னும் புகழ்பெற்ற நெறி இக்கருத்துரையில்தான் பிறந்தது. சென்னையைச் சார்ந்த நீதிபதி டி.எல். வெங்கடராம அய்யர் அரசின் அங்கீகாரம் பெறுவது பற்றிய பகுதியில் மாறுபட்டார்.

இத்தீர்ப்புரையை வரலாற்றாசிரியர்கள் 1959ஆம் ஆண்டின் விடுதலைப் போராட்டத்துக்கும் அமைச்சரவை நீக்கத்துக்கும் முன்னுரையாகவே படித்துவந்துள்ளனர். அதனால் மற்றொரு பகுதி கண்ணிற் படாமற் போயிற்று. கல்விநிறுவனம் அமைந்துள்ள குறிப்பிட்ட வட்டாரத்தில் எண்ணிக்கையிற் குறைந்தவரே சிறுபான்மையினர் என்று கேரள அரசின் தரப்பில் வாதிடப்பட்டது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. வட்டாரம் என்பதற்கு எல்லை எது? ஊரா, வட்டமா, மாவட்டமா? சட்டம் மாநிலம் முழுமைக்கும் ஆவதாயின் மாநில மக்கள்தொகையை அளவாகக் கொண்டே சிறுபான்மையை வரையறுக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் முடிபு. வழக்காடியவர் மனத்தில் இருந்தவை கிறித்தவர் நிறைந்த ஊர்களிலுள்ள கிறித்தவப் பள்ளிகள். ஆனால் அம்முடிபின் பயன் ஏலமலைக்கும் சென்றது.

கீழை ஆனைக்கரை

இடுக்கி ஆனைக்கரையைச் சூழ்ந்த மலைநாட்டில் ஏலம், தேயிலைத் தோட்டங்களின் வளர்ச்சியோடு தமிழர் குடியேற்றம் பெருகியது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு போராடிற்று. அதன் தலைவர் மார்ஷல் நேசமணி 1954இல் தேவிகுளத்தில் சிறைப்பட்டார். மாநிலச் சீரமைப்புக் குழு 1955 செப்டம்பரில் அளித்த அறிக்கை தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்து, தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேரளத்துக்கு விட்டது. தோட்டத் தொழிலாளர் நிலையான குடிகளல்லர் என்னும் கருத்து அம்முடிவில் பங்கு கொண்டிருந்தது. மலையில் தலைமுறைகளாக உழைத்தவரை வந்துபோவோர் என எண்ணியது நியாயமன்று. குழுவின் மூன்று உறுப்பினருள் ஒருவர் கே.எம். பணிக்கர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பின்னர் ஆக்ஸ்போர்டிலும் பயின்ற வரலாற்றறிஞர். அவர் மலையாளி என்பதனாலேயே முடிவு இவ்வாறு அமைந்தது என்று அக்காலத் தமிழ் மேடைகளில் பேசப்பட்டது. குழுவின் பரிந்துரை மூவராலும் அளிக்கப்பட்டது என்பதால் இக்குற்றச்சாட்டை முழுதும் ஏற்றற்கில்லை.

எல்லை வகுத்தபின் எல்லைக்கு அப்பால் நின்றவரின் மொழி என்னாவது என்பதைச் சீரமைப்பாளரும் எண்ணாமலில்லை. 1956ஆம் ஆண்டின் ஏழாவது அரசமைப்புத் திருத்தம் 350அ, 350ஆ ஆகிய உறுப்புகளைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகட்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்தல் முதலாவதன் பொருள். மொழிச் சிறுபான்மையினர்க்கெனத் தனி அலுவலரை அமர்த்துதல் இரண்டாவதன் பொருள். ஆனால் இவை அரசு செய்ய வேண்டியவற்றைக் கூறுவன. அடிப்படை உரிமைகள் அல்ல. மக்கள் தாமே பள்ளி நிறுவி நடத்துவதற்கு அடிப்படை உரிமையாக நின்றது 30ஆம் உறுப்பு ஒன்றே. தேவிகுளம் வட்டத்தில் தமிழர் மிகுதியாயினும் கேரளம் முழுமைக்கும் அவர் சிறுபான்மையினர். வட்டாரத்தை அளவாகக் கொண்டிருப்பின் அங்கே அவர்தம் பள்ளி 30ஆம் உறுப்பின் காப்பை இழந்திருக்கும். 1958ஆம் ஆண்டின் கருத்துரை அதனைத் தடுத்தது. பாலக்காட்டின் சிற்றூர்ப் பகுதித் தமிழர்க்கும் இது பொருந்தும். அங்குள்ள அரசு கல்லூரியில் தமிழ் பட்டப் பாடமாகக் கற்பிக்கப்பட்டு வருவதும் அப்பகுதியின் மொழி வரலாற்றைக் காட்டுவது.

இவ்வுரிமையைத் தமிழிலேயே கற்கும் வாய்ப்பு பின்னர்தான் வந்தது. 1960ஆம் ஆண்டளவில் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்பு தொடங்கப்பட்டது. அதுவரை அப்பாதுரையின் நூலையோ அதனை ஒத்த ஆங்கில நூல்களையோ படித்தவரே அரசியல் கற்றவராகக் கருதப்பட்டனர்.

2002 அக்டோபர் 31ஆம் நாள் டி.எம்.ஏ. பை அறக்கட்டளை வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு சிறுபான்மையை அளக்கும் அலகு மாநிலமே என்று மீண்டும் உறுதிசெய்தது. அதற்குக் கூறப்பட்ட காரணம் கருதத்தக்கது. மாநிலங்கள் மொழியடிப்படையில் சீரமைக்கப்பட்டமையால் மொழிச் சிறுபான்மைக்கு மாநிலமே அலகாதல் வேண்டும். 30ஆம் உறுப்பு மொழியையும் சமயத்தையும் ஒருநிலையில் வைப்பதால் சமயச் சிறுபான்மைக்கும் அதுவே அலகாகும் என்றது நீதிமன்றம். ஆகவே, தேவிகுளத்தைக் கேரளத்திலும் விளவங்கோட்டைத் தமிழகத்திலும் வைத்த 1956ஆம் ஆண்டின் கோடே, இன்று திருச்சூரிலோ சென்னையிலோ உள்ள கிறித்தவக் கல்லூரி ஒன்று சிறுபான்மை நிறுவனமா என்பதை அளக்கும் கோலாகவும் உள்ளது. அதே கோலால் மூணாற்றுத் தமிழரும் கன்னியாகுமரி மாவட்டத்து மலையாளிகளும் அளக்கப்பெறுகின்றனர்.